அரிசிக் கிடங்கில் இருவர்

ஜப்பானின் ஒகயாமா மாகாணத்தில் குராஷிகி என்றொரு ஊர். சின்னக் கால்வாய் ஒன்று ஊருக்குள் ஓட, அதன் கரையில் வெள்ளைச் சுவரும் கறுப்பு ஓடுமாகப் பழைய கிடங்குகள் நிற்கின்றன. சுற்றுவட்டாரத்து அரிசியெல்லாம் ஒரு காலத்தில் இங்கே வந்து குவிந்துதான் படகேறியது. ஊரின் பெரிய வீட்டுக்காரரான ஒஹாரா மகோசபுரோ 1930-இல் ஒஹாரா கலைக்கூடத்தைத் தொடங்கினார். அவருடைய மகன் சோயிச்சிரோவின் காலத்தில் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய அரிசிக் கிடங்குகளும் கலைக்கூடத்தோடு சேர்ந்தன. 1961-இல் முதலில் மண்பாண்டக் கலைஞர்களுக்கான பகுதி திறந்தது. 1963-இல் அதையொட்டி இரண்டு பகுதிகள் திறந்தன. ஒன்று மர அச்சுக் கலைஞர் முனகாதா ஷிகோவுக்கு. மற்றது துணியில் சாயமிடும் கைவினைஞர் செரிசாவா கெய்ஸுகேவுக்கு.

கிடங்கைக் கலைக்கூடமாக மாற்றும் வடிவமைப்பு செரிசாவாவின் கையில் இருந்தது. சுவர் எப்படி இருக்க வேண்டும், பொருள்களை எப்படி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் யோசித்தவர் அவர். தனக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டதோடு, பக்கத்து வீட்டையும் அவரே கட்டிக்கொடுத்தார் என்று சொல்லலாம். வேறொருவரின் படைப்பு நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரு கலைஞர் சுவர் அமைத்துத் தருவது கலை உலகில் அன்றாடம் நடக்கிற காரியமில்லை. இரண்டு பேர் சேர்ந்து கண்காட்சி வைத்தால் வாசலுக்கு நேரே யாருடையது, மூலைக்குப் போவது யாருடையது என்பதிலேயே பாதி உற்சாகம் வடிந்துவிடும். இந்த இருவருக்கும் அந்தச் சிக்கல் வந்ததா என்று தேடுவதை விட, அது வராமல் இருக்க அவர்கள் செய்த தொழிலிலேயே ஏதாவது இருந்ததா என்று பார்ப்பது எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. இருந்தது என்றே நினைக்கிறேன்.

இருவரும் குணத்தில் இரு துருவம். செரிசாவா 1895-இல் ஷிஸுவோகாவில் பிறந்தவர். வடிவமைப்பு படித்தவர். நிதானமானவர், ஒழுங்கானவர். முனகாதா எட்டு வயது இளையவர். வடகோடி அவோமோரியில் ஒரு கொல்லனின் மகன். வீட்டில் பதினைந்து பிள்ளைகள். கண்பார்வை சிறு வயதிலிருந்தே மங்கல். ஒரு பத்திரிகையில் அச்சாகியிருந்த சூரியகாந்திப் படத்தைப் பார்த்துவிட்டு, நான் வான்கோ ஆகப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். 1924-இல் தோக்கியோவுக்கு வந்து, எண்ணெய் வண்ண ஓவியத்தில் முட்டி மோதி, பிறகு மரத்தில் செதுக்கி அச்செடுக்கும் வேலைக்குத் திரும்பினார். அவர் செதுக்கும் காட்சியைப் படமெடுத்திருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடி பலகையில் உரசுமளவுக்குக் குனிந்து, வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, உளியை அவர் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்தால் பலகை மீது கோபமோ என்று தோன்றும். கோபமில்லை, அவ்வளவு கிட்டத்தில் போனால்தான் அவருக்குத் தெரியும். பின்னாளில் ஒரு கண்ணின் பார்வை அறவே போயிற்று.

செரிசாவாவின் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் ஒவ்வொரு படியிலும் ஒரு காத்திருப்பு இருக்கிறது. மல்பெரி நாரில் செய்த கைத்தாள்களைப் பெர்சிமன் காயின் துவர்ச்சாறு பூசி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உலர்த்துகிறார்கள். தாள் தோல் போலப் பழுப்பேறித் தண்ணீருக்கு அசையாததாகிவிடுகிறது. (நம் பனிச்சை மரமும் பெர்சிமன் இனம்தான். அதன் காய்ச்சாற்றைப் படகின் இணைப்புகளுக்கும் மீன்வலைக்கும் பூசுகிற வழக்கம் நம் பக்கத்திலும் உண்டு.) அந்தத் தாளில் சின்னக் கத்தியால் வடிவத்தை வெட்டி எடுத்தால் ஸ்டென்சில் தயார். அதைத் துணிமேல் பரப்பி, அரிசிமாவும் தவிடும் கலந்து வேகவைத்த பசையை மரத் தகட்டால் வழித்துவிடுகிறார்கள். ஸ்டென்சிலைத் தூக்கினால், வெட்டிய இடமெல்லாம் துணிமேல் பசையாக நிற்கும். அது காயக் காத்திருக்க வேண்டும். பிறகு சாயம் துணியைப் பிடித்துக்கொள்ள சோயாப் பால் பூசி, அதுவும் காய்ந்தபின் தூரிகையால் வண்ணம். வண்ணம் நிலைக்க மறுபடியும் காத்திருப்பு. கடைசியில் துணியைத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள்.

இவ்வளவு நேரமும் பார்ப்பவர் கண்ணில் படுவது பசை அப்பிய, வண்ணம் வழிந்த, அழுக்குத் துணிதான். தண்ணீருக்குள் பசை இளகி, மெல்லப் பிரிந்து, தானாக நழுவிப் போகும்போதுதான் உள்ளே இருந்தது வெளியே வருகிறது. பசை இருந்த இடம் வெள்ளை, மற்ற இடம் வண்ணம். வெள்ளையை யாரும் தீட்டவில்லை. அது மூடி வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவே. செரிசாவாவின் துணிகளில் நம்மை முதலில் தொடுவது பெரும்பாலும் அந்த வெள்ளைதான். கடை வாசலில் தொங்கவிடும் திரைச்சீலை ஒன்றில் காற்று என்ற எழுத்தை ஒரே பெரிய சுழலாக அவர் அமைத்திருப்பார். அந்த எழுத்துக்குள் ஓர் அவசரமும் கிடையாது.

முன்பு அரிசி சேர்த்து வைத்திருந்த கட்டடத்தில், அரிசிமாவும் தவிடும் வரைந்த துணிகள் தொங்குகின்றன என்பது யாரும் திட்டமிட்டுச் செய்ததாக இருக்காது. திட்டமிடாததாலேயே எனக்கு அது பிடித்திருக்கிறது.

முனகாதாவின் வேலையில் காத்திருப்புக்கு இடமே இல்லை என்று முதலில் தோன்றும். பலகையில் கறுப்பு மையால் விறுவிறுவென்று கோடிழுப்பார், உடனே உளியை வைப்பார். ஆனால் அவருக்கும் கடைசிப் படி கையை மீறித்தான் இருக்கிறது. செதுக்கிய பலகையில் மை பூசி, தாளை மேலே விரித்து, மூங்கில் உறை சுற்றிய தட்டையான கைப்பிடியால் தாளின் முதுகைத் தேய்க்கிறார். தேய்க்கும்போது முகம் தெரியாது. தாளை உரித்தெடுத்தால் வலம் இடமாகி, இடம் வலமாகி, எதிர்பார்த்த கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் விட்டும் நிற்கும். மரத்தின் ரேகையும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். தூரிகைக்காரருக்குத் தன் கை போன வழி அப்போதே தெரியும். அச்சுக்காரர் தன் வேலையைப் பிறர் பார்ப்பது போலத்தான் முதலில் பார்க்கிறார்.

இருவருக்கும் பொதுவாக இருக்கும் விஷயம் இதுதான். கைக்கும் படைப்புக்கும் நடுவில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒருவருக்குப் பலகை, ஒருவருக்குத் துவர்த்தாள். துணியையும் தாளையும் கடைசியாகத் தொடுவது அவர்களுடைய கையல்ல. அந்த நடுவிலிருக்கும் பொருளுக்கு அதன் குணம் உண்டு, பிடிவாதம் உண்டு. நுணுக்கமாக வளைய மரம் ஒப்பாது. தாளில் வெட்டிய வடிவம் உதிராமல் நிற்க வேண்டுமானால் அங்கங்கே இணைப்பு வேண்டும் என்று ஸ்டென்சில் கேட்கும். கலைஞன் நினைத்ததில் ஒரு பங்கை அது எடுத்துக்கொண்டு, நினைக்காத ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது. இதைக் குறையாக நினைப்பவர் வேறு தொழிலுக்குப் போய்விடுவார். நிறைவாக நினைக்கத் தொடங்கியவரின் மனதில் நான் செய்தேன் என்ற சொல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயத் தொடங்கும்.

இருவரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தவர் யானகி சோயெட்சு. பெயர் தெரியாத கைவினைஞர்கள் அன்றாடப் புழக்கத்துக்காகச் செய்த பொருள்களில்தான் பேரழகு இருக்கிறது என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய கட்டுரையை 1927-இல் கொரியாவுக்குப் போகும் கப்பலில் படித்த செரிசாவா, தன் வழி இதுதான் என்று முடிவு செய்தார். அடுத்த ஆண்டே ஒகினாவாவின் ஸ்டென்சில் சாயத் துணிகளைத் தோக்கியோ கண்காட்சியொன்றில் பார்த்தார். அந்தத் தீவுத் துணிகளின் வண்ணம் அவரை விடவில்லை. யானகி 1931-இல் தொடங்கிய கைவினைப் பத்திரிகைக்கு முதல் ஆண்டு அட்டைகளெல்லாம் செரிசாவா சாயமிட்ட துணியில்தான் வந்தன.

முனகாதா வந்து சேர்ந்த கதை சத்தமானது. 1936-இல் ஒரு பெரிய கண்காட்சிக்கு, கவிதை ஒன்றை முழுக்க எழுத்தும் உருவமுமாகச் செதுக்கி, நீள நீளமாகத் தொங்கவேண்டிய அச்சுகளைக் கொண்டுபோனார். சுவரில் அவ்வளவுக்கு இடமில்லை, கொஞ்சம் மட்டும் மாட்டலாம் என்றார்கள். அவர் விடவில்லை. வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் வந்த யானகியும் குயவர் ஹமாதா ஷோஜியும் நின்று பார்த்தார்கள். முழுவதும் மாட்டப்பட்டது. அந்த ஆண்டு தோக்கியோவின் கொமாபாவில் திறக்கவிருந்த நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகத்துக்காக யானகி அதை வாங்கினார். அந்த அருங்காட்சியகம் எழுவதற்குப் பணம் கொடுத்தவர் குராஷிகியின் ஒஹாரா மகோசபுரோ. சுவரில் இடம் கேட்டுச் சண்டை போட்ட மனிதருக்கு அந்த ஒஹாரா குடும்பத்தின் கிடங்கில் பின்னாளில் சுவர் முழுவதும் கிடைத்தது.

1936-இலேயே குயவர் கவாய் கஞ்ஜிரோ முனகாதாவைக் கியோத்தோவில் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தங்கவைத்து, பௌத்த நூல்களைச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பின்தான் முனகாதாவின் பலகைகளில் புத்தர்களும் போதிசத்துவர்களும் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். யானகி கொடுத்த ஒரு யோசனையையும் இங்கே சொல்ல வேண்டும். அச்சுக்கு வண்ணம் வேண்டுமென்றால் முன்பக்கம் தீட்டாதே, தாளின் பின்பக்கம் தீட்டு என்றார். 1938-இல் செய்த கண்ணோன் சூத்திர வரிசையில் முனகாதா அப்படியே செய்தார். கருணையின் உருவமான அவலோகிதரைத்தான் ஜப்பானில் கண்ணோன் என்கிறார்கள். மெல்லிய கைத்தாளின் முதுகில் இட்ட வண்ணம் நாருக்குள் ஊறி முன்னே வருகிறது. கறுப்புக் கோட்டை அது தொடுவதில்லை. கோட்டுக்கு அடியிலிருந்து எழுகிறது. இவ்வளவு என்று அளந்து வைக்க முடியாது. தாள் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் வரும். அந்த அச்சுகளில் வண்ணம் பூசியது போலத் தெரியாமல், தோலுக்குள் இரத்தம் ஓடுவது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

1945-இல் இருவருடைய வீடும் எரிந்தது. தோக்கியோ மீது குண்டு பொழிந்த அந்த வசந்தத்தில் ஏப்ரலில் செரிசாவாவின் வீடும் பட்டறையும் போயின. மே மாதம் முனகாதாவின் வீடு. அதோடு அவர் அதுவரை செதுக்கியிருந்த பலகைகளில் பெரும்பகுதியும். அதற்குச் சற்று முன்புதான் அவர் குடும்பத்தோடு தொயாமா மாகாணத்தின் புக்குமிட்சு என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்திருந்தார். பலகைகளைக் கொண்டுபோக வழியில்லாத நேரம் அது. 1939-இல் செதுக்கிய புத்தரின் பத்துச் சீடர்கள் பலகைகள் மட்டும் தப்பின. நாற்காலி ஒன்றை ரயிலில் அனுப்பும்போது அது நசுங்காமலிருக்க, சுற்றிக் கட்டும் சட்டமாக அவற்றை வைத்து அனுப்பியிருந்தார்கள். அவற்றோடு சேர்ந்த இரு போதிசத்துவர்களின் பலகைகள் எரிந்துபோயின. 1948-இல் அந்த இருவரை முனகாதா மறுபடி செதுக்கினார். சாரிபுத்திரரும் ஆனந்தரும் ஒரு நாற்காலிக்குக் காவலாகப் பயணம் செய்து பிழைத்தார்கள் என்று நினைக்கும்போது சிரிப்பும் வருகிறது, கை கூப்பவும் தோன்றுகிறது.

செரிசாவா என்ன செய்தார் என்றால், துணி கிடைக்காத அந்த நாட்களில் கைத்தாளை எடுத்து அதில் சாயமிட்டு 1946-க்கான நாள்காட்டி செய்தார். பிறகு வாழ்நாள் முழுக்க ஆண்டுதோறும் செய்துகொண்டிருந்தார். எல்லாம் எரிந்த வீட்டில் ஒருவர் அடுத்த ஆண்டின் தேதிகளை வெட்டிக்கொண்டிருந்தார் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் என்ன சொல்ல?

புக்குமிட்சுப் பகுதி ஷின்ரான் வழிவந்த ஜோதோ ஷின்ஷு பௌத்தம் ஆழ வேரூன்றிய இடம். ஷின்ரான் 1173 முதல் 1263 வரை வாழ்ந்தவர். உன் முயற்சியால் நீ கரையேற மாட்டாய், அமிதாப புத்தர் எடுத்துக்கொண்ட உறுதிமொழியே உன்னைக் கரையேற்றும் என்பது அவருடைய போதனையின் சாரம். தன்பலம், பிறபலம் என்று இரண்டாகச் சொல்வார்கள். நமக்கு இது புதிதில்லை. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விச் செல்ல விட்டுவிடும் பூனைக்குட்டியா என்று வடகலையும் தென்கலையும் நூற்றாண்டுக்கணக்கில் பேசிய விஷயம்தானே. முனகாதா முதலில் அசல் குரங்குக் குட்டி. வான்கோ ஆகியே தீர்வேன் என்ற பிடி அது. 1951 வரை அந்தக் கிராமத்தில் இருந்தபோது, பயிர் செய்கிறவர்களும் கடை வைத்திருப்பவர்களும் மூச்சோடு மூச்சாகப் புத்தர் பெயரைச் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் தனக்குள் ஏதோ கைமாறியது என்று அவரே பிற்பாடு எழுதினார். ஆனால் அவருடைய கை அதற்கு முன்பே பூனைக்குட்டியாகியிருந்தது என்பது என் எண்ணம். மரத்துக்கு முன்னால் பல ஆண்டுகள் குனிந்தவனின் உடம்பு இதை முன்கூட்டியே கற்றுவிடுகிறது. மனம் மெதுவாக வந்து சேர்கிறது.

அந்த வட்டாரத்திலேயே, ஜொஹானா என்ற ஊரின் கோயிலில் 1948-இல் தங்கியிருந்தபோது யானகிக்கு ஒரு தெளிவு கிடைத்தது. அமிதாபரின் நாற்பத்தெட்டு உறுதிமொழிகளில் நான்காவதை அவர் படித்துக்கொண்டிருந்தார். தம் நாட்டில் பிறப்பவர்களிடையே அழகானவர், அழகற்றவர் என்ற பேதம் இருக்குமானால் தாம் புத்த நிலையை ஏற்பதில்லை என்பது அதன் கருத்து. கலையைப் பற்றிய தன் பல்லாண்டுத் தேடலுக்கு விடை இந்த ஓர் உறுதிமொழியில் இருந்தது என்று யானகிக்குத் தோன்றியது. அழகு என்பது அவலட்சணத்தை ஜெயித்துப் பெறுகிற பரிசில்லை. இரண்டும் பிரிவதற்கு முன்னால் உள்ள ஓரிடம் அது. படிப்பும் திறமையும் இல்லாத குயவனும் நெசவாளியும் தங்களை அறியாமல் அங்கே நிற்கிறார்கள் என்று அவர் எழுதினார்.

இந்தப் பார்வையில் ஓவியம் உசத்தி, அச்சு அதற்கடுத்து, துணிக்குச் சாயமிடுவது அதற்கும் கீழே என்ற படிக்கட்டுக்கு இடமில்லாமல் போகிறது. கொழும்பில் 1877-இல் தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, பாஸ்டனில் பணியாற்றி மறைந்த ஆனந்த குமாரசாமியும் ஏறத்தாழ இதே சுவரைத்தான் மறுபக்கத்திலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். கலைக்கும் கைத்தொழிலுக்கும் நடுவே கோடு கிழித்தது மிகச் சமீபகாலப் பழக்கம் என்று அவர் விடாமல் எழுதினார். அந்தக் கோடு உலக அரங்கில் இன்னும் அழியவில்லை. 1956-இல் வெனிஸ் பினாலேயில் அச்சுக்கலைக்கான பெரும் பரிசு முனகாதாவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஜப்பான் அரசு செரிசாவாவை, வாழும் தேசியச் செல்வம் என்று மக்கள் வழக்கில் சொல்லும் மரபுக் கலைஞர் பட்டியலில் சேர்த்தது. ஒருவருக்குக் கலைஞர் வாசல், மற்றவருக்குக் கைவினைஞர் வாசல். குராஷிகியில் இரண்டு பேரின் சுவரும் ஒரே கட்டடத் தொகுதியில் இருப்பதால் அந்த இரு வாசல் விவகாரம் அங்கே எடுபடுவதில்லை.

இந்த இடத்தில் ஒரு நெருடலும் இருக்கிறது, அதை விழுங்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பெயரில்லாக் கைவினைஞனைக் கொண்டாடியவர்களின் நண்பர்களுக்குப் பெயர் சொல்லித் தனித்தனி அறை. யானகியின் நூல்களை ஊன்றிப் படிக்கிறவர்கள் இந்த முரணைக் காலங்காலமாகச் சுட்டிக்காட்டுகிறார்கள். அது நியாயமான கேள்வி. பெயர் வேண்டாம் என்ற இலட்சியமும் ஒரு பெயரோடுதான் ஊருக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் அடக்கம் என்பது பெயரை அழித்துவிடுவதுதானா என்பதில் எனக்குச் சந்தேகம். செரிசாவாவின் நாள்காட்டி ஒரு வீட்டின் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தபோது, மாதத்தைத் திருப்பிய அம்மாவுக்கு அவர் பெயர் தெரிந்திருந்தால் என்ன, தெரியாமலிருந்தால் என்ன? தேதி சரியாக இருந்தது, பார்க்க நன்றாகவும் இருந்தது.

முனகாதா தன் அச்சுகள் பலவற்றின் தலைப்பில் ஒரு குறிப்பிட்ட சொல்லைச் சேர்ப்பார். யாத்திரை போகிறவர்கள் கோயில்தோறும் விட்டுவிட்டு வரும் நேர்த்திச் சீட்டின் பொருளில் அதை அவர் எடுத்துக்கொண்டார். குராஷிகிக்கு எதிரே உள்கடலைத் தாண்டினால் ஷிகோகு தீவு. அங்கே எண்பத்தெட்டுக் கோயில்களைச் சுற்றும் யாத்திரிகர்கள் ஒவ்வொரு சந்நிதியிலும் தாள் சீட்டொன்றை இட்டுவிட்டு அடுத்த கோயிலுக்கு நடக்கிறார்கள். சீட்டு அழகாக இருக்கிறதா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அச்சு என்கிற ஊடகத்துக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! ஒரே பலகையிலிருந்து பல தாள்கள் எழுகின்றன. ஒன்று இந்த ஊரில், ஒன்று அந்த ஊரில். எது அசல் என்று கேட்டால் பதில் இல்லை. 1963-இல் குராஷிகியில் திறந்த விடுதி ஒன்றின் கூடத்துக்காக அவர் செய்த அச்சு ஏறத்தாழ 13 மீட்டர் அகலம். அவ்வளவு பெரியதையும் அதே சீட்டுப் பெயரால்தான் அழைத்தார்.

பத்துச் சீடர்களுக்குத் திரும்பிப் போகிறேன். உயரமான, ஒடுங்கிய பலகைகள். ஒவ்வொரு அச்சிலும் ஒருவர். உடம்பு பலகையின் விளிம்பை முட்டுகிறது, தலைக்கு மேலே மூச்சுவிட இடமில்லை. மரம் இவ்வளவுதான் என்பதால் குனிந்தவரும் உண்டு, கைகளை மார்போடு ஒடுக்கியவரும் உண்டு. பலகை கொடுத்த நெருக்கடி அவர்களுடைய தவத்தின் நெருக்கடியாக மாறியிருக்கிறது. அவர்களில் உபாலியும் ஒருவர். சாக்கியர்களின் அரண்மனையில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். இளவரசர்கள் துறவேற்கப் போனபோது, எங்களுக்கு முன்னால் இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் நாங்கள் இவரை வணங்க வேண்டியிருக்கும், எங்கள் செருக்கு கரையும் என்று புத்தரிடம் கேட்டுக்கொண்டதாகப் பௌத்த மரபு சொல்கிறது. சங்கத்தின் ஒழுக்க விதிகளை நினைவில் வைத்திருந்து ஒப்புவித்தவர் அவரே. முனகாதாவின் வரிசையில் உபாலிக்கும் மற்றவர்களுக்கும் உயரத்தில் வேறுபாடில்லை, பலகை ஒரே அளவு.

யானகியும் ஸென் அறிஞர் சுஸுகியும் விரும்பிப் பேசிய இன்னொருவர் அசஹாரா சைச்சி. இவரும் தொழிலாளி. 1850 முதல் 1932 வரை வாழ்ந்தவர். முதலில் படகு கட்டினார், பிறகு மரச்செருப்பு செய்தார். அதிகம் படிக்காதவர். செருப்புக் கட்டையை இழைக்கும்போது மனதில் வருவதைக் கீழே விழும் சீவல்களிலேயே எழுதிவைத்து, இரவில் நோட்டுப் புத்தகத்தில் பிரதி எடுப்பார். எல்லாம் நீயும் நானும் யார் யார் என்று புத்தரோடு நடத்திய பேச்சுதான். அவர் வயதான காலத்தில் ஓர் ஓவியர் அவரைக் கைகூப்பி உட்கார்ந்தவாறு வரைந்தார். படத்தைப் பார்த்த சைச்சி, இது நானில்லை, இவ்வளவு நல்லவனாக இருக்கிறானே, தலையில் இரண்டு கொம்பு வைத்து வரையுங்கள் என்றார். கோபமும் ஆசையும் இன்னும் தனக்குள் இருக்கின்றன என்பது அவர் சொன்ன காரணம். கொம்போடு வரைந்தார்கள். கூப்பிய கையும் அப்படியே இருக்கிறது.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு குராஷிகியின் இரண்டு கலைஞர்களையும் துறவிகளாக ஆக்கிவிடும் ஆசை எனக்குக் குறைந்தது. நான் என்பதை மரத்திடம் விட்டுவிட்டதாகச் சொன்ன முனகாதாவின் கல்லறை அவோமோரியில் இருக்கிறது. அது வான்கோவின் கல்லறையைப் பார்த்து அமைத்தது. பதினெட்டு வயதில் பிடித்த ஆசையை 1975-இல் மண்ணுக்குள் போகும்போதும் அவர் விடவில்லை. செரிசாவாவிடம் அப்படி எதுவும் இல்லை என்று நினைத்தால், அவருக்கும் ஒன்று உண்டு. அவர் பொருள்களைச் சேர்ப்பார். கோயில்களில் நேர்ந்து தொங்கவிடும் சின்ன மரப்படங்களில் இளமையில் தொடங்கி, ஆப்பிரிக்க முகமூடி, தென்னமெரிக்கத் துணி, கொரியச் சாடி என்று கண்ணில் பட்ட அழகையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். 1945-இன் தீ பாதியிலேயே அந்தக் கணக்கைத் தீர்த்துவைத்தது. வேறொருவராக இருந்தால் அதை நிலையாமைப் பாடமாக எடுத்துக்கொண்டிருப்பார். செரிசாவா மறுபடி முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கி, 1984-இல் இறப்பதற்குள் ஆயிரக்கணக்கில் சேர்த்துவிட்டார். அவற்றில் பெரும்பகுதியை ஷிஸுவோகாவில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில், அவருடைய துணிகளுக்குப் பக்கத்திலேயே இன்று பார்க்கலாம்.